அட்ரசினா, கிளைபோசேட்டா: மண்ணில் எது தங்குகிறது, நுண்ணுயிரை எது தொடுகிறது?

அட்ரசின், கிளைபோசேட் என்னும் இரு களைக்கொல்லிகளின் அரைவாழ்வுக் காலத்தை (மண்ணில் பாதி சிதைய ஆகும் நாள்களை) மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பரவலாகத் தரப்படும் சராசரி, அட்ரசினுக்கு 60 நாள், கிளைபோசேட்டுக்கு 47 நாள். ஆனால் மீதமிருக்கும் மருந்து மண்ணில் எந்த நிலையில் இருக்கிறது என்பதே உழவருக்கு முக்கியம். அதை இந்த எண்கள் சொல்வதில்லை.

கிளைபோசேட் களிமண்ணோடும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடும் இறுகப் பிணைந்துவிடுவதால், அடுத்த பயிரின் வேருக்கு அது பெரும்பாலும் எட்டுவதில்லை. அட்ரசின் அவ்வளவு இறுகுவதில்லை, நீரோடு கீழிறங்கும். நிலத்தடி நீரில் கலந்ததால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அதற்கான அனுமதியை விலக்கிக்கொண்டது. காரத்தன்மை மிகுந்த மண்ணில் அது சிதையத் தாமதமாகும் என்பதால், கரிசல் நிலத்தில் மக்காச்சோளத்துக்குப் பின் உளுந்து போடுபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். விதை நன்றாகவே முளைக்கும். பிறகு மூத்த இலைகளின் ஓரம் மஞ்சளித்து, உள்நோக்கிக் கருகிக்கொண்டே வரும். பயறு ஊடுபயிராக இருந்தால் அட்ரசின் வேண்டாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதும் இதனால்தான்.

நுண்ணுயிர்ப் பக்கம் வந்தால் நிலைமை மாறுகிறது. அட்ரசின் தடுப்பது ஒளிச்சேர்க்கையை; ஆகவே மண்ணில் வாழும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதன் நேரடி இலக்கு அல்ல. சூடோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த சில, அதிலுள்ள நைட்ரஜனையே உணவாக்கிக்கொள்கின்றன. ஆண்டுதோறும் தெளித்த வயலில் இவை பெருகி, மருந்து விரைவாகச் சிதைந்து, களைக்கட்டுப்பாடு குறைவதும் உண்டு. கிளைபோசேட் தடுக்கும் நொதியோ செடிகளுக்கு மட்டுமன்றிப் பல பாக்டீரியாக்களுக்கும் பூஞ்சைகளுக்கும் உரியது. பரிந்துரைத்த அளவில் நுண்ணுயிர்களின் மொத்த எண்ணிக்கை பெரிதும் குறைவதில்லை என்றாலும், சோயாவின் வேர்முடிச்சில் வாழும் பிராடிரைசோபியம் என்னும் பாக்டீரியா அதனால் பாதிக்கப்படக்கூடியது. கிளைபோசேட் சிதையும்போது உண்டாகும் ஆம்பா என்னும் பொருள் தாய்ப்பொருளைவிட நெடுநாள் தங்குவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பயறு தொடரும் சுழற்சியில் அட்ரசினைத் தவிர்ப்பதே சரி என்பது என் முடிவு. அதற்குக் கிளைபோசேட் மாற்றாகாது: நிற்கும் பயிரையும் அது கொல்லும், இந்தியாவில் தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான் அதற்குப் பதிவு உண்டு. பெண்டிமெத்தலின் என்னும் களைக்கொல்லியோ கைக்களையோ பொருந்தும். ஏற்கெனவே அட்ரசின் தெளித்தவர்கள், மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் மண்ணை ஒரு தொட்டியிலும், மருந்து படாத அதே வகை மண்ணை மற்றொன்றிலும் நிரப்பி, உளுந்து ஊன்றி, மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வயலில் விதைக்கலாம்.