ஷாம்போரா, ஷெனோன்சோவா, வில்லாந்திரியா? லுவார் பக்கம் ஒரே ஒரு நாள் கிடைத்தால்

பிரான்சில் லுவார் நதிப் பக்கம் போனால் பார்க்க வேண்டிய மாளிகைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதுதான் சிக்கல். தூர் நகரத்தில் அறை எடுத்துத் தங்கி, அதிகம் பேசப்படும் இரண்டையும் அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றையும் பார்த்தோம். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் வில்லாந்திரிக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். எனக்குத் தோட்டம் முக்கியம். ராஜா ராணி கதைகளும் உள்ளறைகளும்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வரிசை மாறலாம்.

முதலில் ஷாம்போர். பிரான்சுவா மன்னர் 1519இல் கட்டத் தொடங்கியது. நானூறுக்கும் மேற்பட்ட அறைகள், 282 கணப்புகள். நடுவில் இருக்கும் இரட்டைச் சுருள் படிக்கட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு சுருளில் ஏறுகிறவரும் மறு சுருளில் இறங்குகிறவரும் நடுவிலுள்ள திறப்புகள் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் எதிரெதிரே வரவே முடியாது. லியோனார்டோ டா வின்சியின் யோசனை என்று பலர் சொல்வார்கள். உறுதியான ஆவணம் கிடையாது. அப்புறம் மொட்டைமாடி, அங்கே காடாய் நிற்கும் கோபுரங்களும் புகைபோக்கிகளும். இதெல்லாம் பிரமிப்புதான், மறுக்கவில்லை.

ஆனால் இத்தனையும் கட்டிய மன்னர், தன் 32 ஆண்டு ஆட்சியில் மொத்தமாகக் கூட்டினால் சில வாரங்கள்தான் இங்கே தங்கியிருக்கிறார். வேட்டைக்கு வந்து போகும் இடம். அந்த உணர்வு இன்றும் மாளிகைக்குள் இருக்கிறது: பெரிய, குளிர்ந்த, பெரும்பாலும் காலியான அறைகள். வெளியே 5,440 ஹெக்டேர் வனப் பூங்கா, சுற்றி 32 கிலோமீட்டர் மதில். பாரிஸ் நகரத்தில் ஏறக்குறைய பாதி அளவு. காட்டுப்பாதைகளில் நடக்கக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு நாள் வந்து போகிறவர் அதில் ஓரத்தைத்தான் தொட முடியும். மாளிகையை ஒட்டிய பிரெஞ்சு பாணித் தோட்டம் 2017இல் மறுபடி அமைக்கப்பட்டது. மேலிருந்து பார்க்க ஒழுங்காக இருக்கிறது, இறங்கி நடந்தால் மனசில் ஒட்டவில்லை. செப்டம்பர், அக்டோபரில் ஆண் மான்கள் இணை தேடிக் கத்தும் சத்தத்தைக் கேட்கவே விடியற்காலையில் ஆட்கள் வருகிறார்களாம். அந்தப் பருவத்தில் நான் போனதில்லை. போயிருந்தால் ஷாம்போரைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

ஷெனோன்சோ மூன்றிலும் அழகு என்றால் சண்டைக்கு வர மாட்டேன். ஷேர் ஆற்றின் மேல் நிற்கிறது. இரண்டாம் ஆன்றி மன்னரின் காதலி டயான் த புவாத்தியே பாலம் போட்டார். மன்னர் இறந்ததும் பட்டத்தரசி கேத்தரின் த மெடிசி அவரை வெளியேற்றிவிட்டு, அதே பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினார். முதல் உலகப்போரில் அந்தக் கூடம் மருத்துவமனை. இரண்டாவதில் ஷேர் ஆறே ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லை, கூடத்தின் தெற்குக் கதவு ஜெர்மானியர் பிடிக்காத மறுகரையில் திறந்தது. இருவர் பெயரிலும் ஒவ்வொரு தோட்டம், இருபுறமும். ஒவ்வொரு அறையிலும் புதுப்பூ அலங்காரம், அதற்கான பூவை அங்கேயே வளர்க்கிறார்கள். கார் இல்லாதவருக்கு இதுதான் சுலபம்: தூரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், நிலையத்தில் இறங்கினால் வாசல் பக்கத்திலேயே. குறை கூட்டம்தான். அந்தக் கூடத்தில் நின்று ஆற்றைப் பார்க்க ஒரு சன்னல் காலியாக வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.

சரி, வில்லாந்திரி. மாளிகை 1530களில் ழான் லெ ப்ரெத்தோன் என்ற நிதி அதிகாரி கட்டியது. பழைய கோட்டையின் ஒரு கோபுரத்தை மட்டும் இடிக்காமல் விட்டார். 1189இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, பிரெஞ்சு மன்னரிடம் தோல்வியை ஒப்புக்கொண்டது அந்தக் கோட்டையில்தான். இரண்டே நாளில் ஷினோனில் இறந்துபோனார். உள்ளே அறைகள் சுமார். மற்ற இரண்டோடு ஒப்பிடவே முடியாது.

தோட்டம்தான் சங்கதி. ஸ்பெயினில் பிறந்த ழோவாக்கிம் கார்வாலோ என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய அமெரிக்க மனைவி ஆன் கோல்மனும் 1906இல் இதை வாங்கியபோது, பழைய தோட்டம் இருந்த இடம் ஆங்கிலேய பாணிப் பூங்காவாக மாறிக் கிடந்தது. அவர் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அந்தப் பூங்காவை அகற்றி, பதினாறாம் நூற்றாண்டுத் தோட்டத்தை மறுபடி உண்டாக்கினார். இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அதன் நடுநாயகம் காய்கறித் தோட்டம். ஒரே அளவில் ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வடிவம், குட்டையாக வெட்டிய புதர்வேலி ஓரம் கட்டியிருக்கும். உள்ளே பூ குறைவு. முட்டைக்கோஸ், பீட்ரூட், லீக்ஸ், கேரட், பூசணி. நீலம் கலந்த லீக்ஸ் தாளுக்குப் பக்கத்தில் கருஞ்சிவப்பு பீட்ரூட் இலை, அதற்கு அடுத்து கேரட்டின் இளம்பச்சை. காய்கறிக் கடையில் நாம் திரும்பிக்கூடப் பார்க்காத சாமான்கள். குனிந்து பார்த்தால் கோஸ் இலையில் புழு அரித்த ஓட்டைகூடத் தெரிந்தது. 2009லிருந்து இயற்கை முறையில்தான் வளர்க்கிறார்கள், அதனால் எனக்கு அந்த ஓட்டை பிடித்தே இருந்தது.

என் தீர்ப்பு நிற்பது ஒரே காரணத்தின் மேல்: நீங்கள் போகும் மாதம். ஷாம்போரின் கல் ஏப்ரலிலும் அக்டோபரிலும் அதே கல். ஷெனோன்சோவிலும் பூச்செடிகளை மாற்றி நடுகிறார்கள், ஆனால் ஆறும் கூடமும்தான் அங்கே காட்சி. வில்லாந்திரியில் தோட்டமே எல்லாம், அதை ஆண்டுக்கு இரண்டு முறை புதிதாக நடுகிறார்கள்: மார்ச் தொடங்கி ஒரு நடவு, ஜூனில் அதை எடுத்துவிட்டு நவம்பர் வரைக்குமான அடுத்தது. மண் சத்து இழக்காமலிருக்க ஒரு சதுரத்தில் போட்ட பயிர்க் குடும்பத்தை அடுத்து வேறு சதுரத்துக்கு மாற்றுகிறார்கள். ஆகவே போன வருடப் படத்தில் பார்த்த நிறங்கள் இந்த வருடம் அதே இடத்தில் இருக்காது. நடவு மாறும் ஜூன் நடுவில் போனால் சில சதுரங்கள் வெறும் மண்ணாக இருக்கலாம். மே கடைசி நல்லது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை அதைவிட நல்லது. பூசணி பழுத்திருக்கும், கோஸ் தலை கட்டியிருக்கும். குளிர்காலத்தில் நான் பார்க்கவில்லை. தோட்டம் அப்போதும் திறந்திருக்கும் என்றாலும், டிசம்பரில் போகிறவர் ஷெனோன்சோவைத் தேர்ந்தெடுப்பதே நியாயம்.

இன்னொன்று, இதைக் கீழே நடந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. மரங்களடர்ந்த மேல்தளத்துக்கு ஏறுங்கள். அங்கிருந்துதான் ஒன்பது சதுரங்களும், பக்கத்தில் மென்காதல், பித்துக்காதல், சபலக்காதல், சோகக்காதல் என்று வெட்டிய புதர் வடிவங்களும், தெற்கே குளமும் ஒன்றாகத் தெரியும். அதற்கப்புறம் மறுபடி இறங்கி ஒருமுறை நடங்கள்.

வாசலில் ரயில் நிலையம் இல்லாதது வில்லாந்திரிக்குக் குறைதான். தூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். நாங்கள் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஆற்றோரப் பாதையில் போனோம். ஏற்ற இறக்கம் அவ்வளவாக இல்லை. சிறு பிள்ளைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் டாக்ஸி பேசிக்கொள்வது மேல். தோட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு, மாளிகையும் சேர்த்ததைவிடக் குறைவு. நேரம் குறைவாக இருந்தால் அதை மட்டும் வாங்குங்கள், மிச்சமாகும் நேரத்தையும் தோட்டத்திலேயே செலவழிக்கலாம்.