‘ரெண்டுக்கு ஒண்ணு’ ரீப்பருக்குப் பில், வந்தது ஒன்றே முக்காலுக்கு முக்கால்

எட்டுச் சதுரம், அதாவது 800 சதுர அடி மங்களூர் ஓட்டுக் கூரை. சரிவாகக் கூரையைத் தாங்கும் கைமரங்கள் வைரம் பாய்ந்தவை, அவற்றின்மேல் குறுக்கே அடித்து ஓட்டை உட்கார வைக்கும் ரீப்பரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மரவாடியில் வேங்கை என்று பேசி, 2 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்று பதினொன்றரை கன அடிக்குப் பில் போட்டார்கள். வந்து இறங்கியது 830 அடி ரீப்பர், ஏற்கெனவே கறுப்பு எண்ணெய் பூசிய நிலையில். பூச்சு இலவசம் என்றார்கள். ஏமாற்று முழுவதும் அந்தப் பூச்சுக்குள்தான் இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் நடுக்கூரை குழிந்து, ஓடு விலகி, ஒழுக ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தபோது கண்டவை இவை.

முதலில் அளவு. 2-க்கு 1 ரீப்பர் 72 அடி நீளம் சேர்ந்தால் ஒரு கன அடி. ஆகவே 830 அடிக்குப் பதினொன்றரை கன அடி என்ற பில் கணக்கில் தவறில்லை. பூச்சைச் சுரண்டி டேப் வைத்தால் மரம் 1¾-க்கு ¾ தான் இருந்தது. அந்த அளவில் ஒரு கன அடிக்கு 110 அடி நீளம் கிடைக்கும். 830 அடியில் உண்மையில் இருந்தது ஏழரை கன அடி மரம், நான்கு கன அடிக்கு வீண் பணம். கேட்டால் ‘அறுப்புல போகும்’ என்பார்கள். ஒரு அறுப்புக்கு வாள் தின்பது சுமார் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம். இங்கே அகலத்திலும் கனத்திலும் இரண்டிரண்டு நூல் குறைந்திருந்தது. பில்லில் ‘அறுத்து முடித்த அளவு’ என்று எழுதி வாங்குங்கள், அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

பணம் போனதைவிட பலம் போனதுதான் பெரிய சேதம். ரீப்பரைப் படுக்கவைத்து அடிக்கிறோம். வளையாமல் தாங்குவது அதன் கனம், அதாவது தடிமன். கனம் கால் அங்குலம் குறைந்தால் விறைப்பு கால் பங்கு குறைவதோடு நிற்காது, பாதிக்கும் கீழே போய்விடும். அகலமும் குறைந்த இந்த ரீப்பரில் மிஞ்சியது 37 சதவீத விறைப்புதான். மேலே சதுரத்துக்கு ஏறத்தாழ 150 ஓடு, ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல், மழையில் ஊறினால் இன்னும் கனக்கும்.

அடுத்தது மரம். பூச்சுக்கு அடியில் பாதிக்குமேல் வெள்ளை, அதாவது முற்றாத வெளிப்புற மரம். வைரத்தை, அதாவது முற்றிய உள்மரத்தை, மரம் துளைக்கும் உளுப் பூச்சி எளிதில் தொடாது. வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் அதைத்தான் தேடி வரும். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் தரையில் முகப்பவுடர்போல மெல்லிய தூளும் தெரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதனால் பூசாத வெறும் மேனியாகவே மரத்தை இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, வெள்ளை ஓடியதையும் நடுவில் பெரிய கணு உள்ளதையும் ஒதுக்கிவிட்டு, பிறகு நீங்களே பூச்சு அடியுங்கள். வேங்கைக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. இழைப்புளிச் சீவலை வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். வைரமாக இருந்தால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறி, வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது நீலம் மின்னும். எங்கள் சீவலில் அப்படி எதுவும் வரவில்லை.

ஆணியிலும் கை வைத்திருந்தார்கள். ஒரு அங்குல ரீப்பருக்கு இரண்டரை அங்குல ஆணி வேண்டும், அப்போதுதான் கைமரத்துக்குள் ஒன்றரை அங்குலம் இறங்கும். அடித்திருந்தது ஒன்றரை அங்குல ஆணி. ஈரம் காயாத மரம் சுருங்கியபோது அதன் பிடி விட்டுப்போய், விரலால் இழுத்தாலே வந்தது. இணைப்புகளும் கைமரத்தின்மேல் இல்லை, பல இடங்களில் இரண்டு துண்டுகள் அந்தரத்தில் முட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு ரீப்பரும் குறைந்தது மூன்று கைமரங்களில் உட்கார வேண்டும். இணைப்பு கைமரத்தின் நடுவில் வர வேண்டும். அடுத்தடுத்த வரிசையில் ஒரே கைமரத்தில் இணைப்பு வரக் கூடாது.

ரீப்பருக்கு ரீப்பர் விடும் இடைவெளியைப் பொறுத்தவரை, பன்னிரண்டரை அங்குலம் என்று மனப்பாடமாகச் சொல்லும் ஆசாரியை நம்பி விட்டுவிடாதீர்கள். ஓடு சூளைக்குச் சூளை மாறும். வந்த ஓட்டில் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் கோத்து, இழுத்து ஒருமுறையும் நெருக்கி ஒருமுறையும் அளந்து, ஒரு ஓட்டுக்கான சராசரி எடுத்து, அந்த அளவுக்கு ஒரு கட்டை வெட்டிக்கொள்ளுங்கள். கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்தில் வரும் முதல் ரீப்பருக்குக் கீழே தாங்க வேறு ஓடு இல்லாததால், அதை மட்டும் ஒரு ஓட்டுக் கனம் உயர்த்தி அடிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முதல் வரிசை தலைகவிழ்ந்து, மேல் வரிசைகளும் வாய் பிளக்கும்.

கூரையில் மிஞ்சிய ரீப்பரை ஆசாரி உள்ளறைச் சுவர்ப் பேனலுக்கு அடியில் அடித்துவிட்டார். யாரும் பார்க்காத இடம் என்பதால் ஒதுக்கல் மரமெல்லாம் அங்கேதான் போகிறது. பேனலை மூடுமுன் சட்டத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஸ்குரூ பூச்சுச் சுண்ணத்தோடு நிற்கிறதா, செங்கல்லுக்குள் ஒன்றேகால் அங்குலமாவது இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரச் சுவரென்றால் பேனல் வேலையே வேண்டாம், முதலில் ஈரத்தை நிறுத்துங்கள்.

ஏற்கெனவே ஓடு ஏற்றிவிட்டவர்கள் உள்ளிருந்தே ஒரு ஓட்டை மேலே தள்ளிப் பார்க்கலாம். ஸ்குரூடிரைவர் முனை எளிதில் இறங்கும் ரீப்பரை மாற்றியே ஆக வேண்டும். அந்தரத்து இணைப்பாக மட்டும் இருந்தால், கைமரத்திலிருந்து கைமரம்வரை ஒட்டினாற்போல் இன்னொரு துண்டு கொடுத்து அடித்தால் போதும். வாங்கப் போகிறவர்கள், பேசி முடித்ததும் அதே மரத்தில் ஓர் அடித் துண்டு வெட்டச் சொல்லி, அதில் மரத்தின் பெயர், அளவு, தேதி எழுதி மரவாடிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். லாரி வந்ததும் அந்தத் துண்டை வைத்துப் பார்த்து, ஒத்திருந்தால் மட்டும் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.