‘பார்மட் அடிச்சா சரியாயிடும் சார்’ என்றால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்

திருச்சியில் ஒரு சர்வீஸ் கடையில் அப்பா ஏமாந்த கதை இது. கடைப் பெயரைக் கேட்காதீர்கள். பாதிப் பணத்தை முதலாளி திருப்பித் தந்துவிட்டார், அது ஒரு காரணம். பெயரைப் போட்டால் அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் இதே மாதிரி ஏமாறுவீர்கள், அது இன்னொரு காரணம்.

லேப்டாப் 2013இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். இடையில் நானே ஒரு 4 ஜிபி ராம் வாங்கிப் போட்டு மொத்தம் 8 ஜிபி ஆக்கியிருந்தேன். அப்பா ரிட்டையர் ஆனபிறகு ஊர்க் கோயில் கணக்கு முழுக்க அதில்தான். 2017 கும்பாபிஷேகத்துக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள், கல்லுக்கு எவ்வளவு, ஸ்தபதிக்கு எவ்வளவு என்று எல்லாம் எக்செல்லில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணிய கையால் அடித்து வைத்திருந்தார். எல்லாமே டெஸ்க்டாப்பில். கண்ணுக்கு எதிரே இல்லாத ஃபைல் அவரைப் பொறுத்தவரை ஃபைலே இல்லை.

தீபாவளிக்கு முன்பே மெஷின் இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆன் ஆக கால் மணி நேரம். ஒரு ஃபைலைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். நடுவில் ‘டிக்... டிக்...’ என்று ஒரு சத்தம். அம்மா அதைப் பல்லி என்று நினைத்து இரண்டு நாள் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாராம். நான் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, “கடையில் குடுங்கப்பா, பாத்துக்குவாங்க” என்று போனில் சொன்னேன். முதல் தப்பு என்னுடையது.

கடைக்காரப் பையன் ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு, “ஓஎஸ் கரப்ட் ஆயிருக்கு ஐயா. பார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டா பறக்கும்” என்றிருக்கிறான். என் ஃபைல் எல்லாம் இருக்குமா தம்பி என்று அப்பா கேட்டதற்கு, “டி டிரைவ்ல கையே வைக்க மாட்டோம் ஐயா.” பார்மட் அடித்தால் விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் முழுக்க அழியும், டெஸ்க்டாப் இருப்பதும் அந்த சி டிரைவில்தான் என்பது அப்பாவுக்குத் தெரியாது. பையனுக்குத் தெரியும். 800 ரூபாய்.

மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டிஸ்க்கில் சில இடங்கள் கெட்டுப்போனால், அங்கே இருப்பதைப் படிக்க அது திரும்பத் திரும்ப முயலும், விண்டோஸ் அதற்காகக் காத்து நிற்கும். அந்தக் காத்திருப்பைத்தான் நாம் ஸ்லோ என்கிறோம். பார்மட் பண்ணிப் புதிதாக விண்டோஸ் போட்டால் அது பெரும்பாலும் நல்ல இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும், கொஞ்ச நாள் ஓடும். நோய் அப்படியேதான் இருக்கும். அந்தக் கொஞ்ச நாளுக்குத்தான் 800 ரூபாய்.

நவம்பர் கடைசியில் பழையபடி படுத்துவிட்டது. மறுபடி கொண்டுபோனால், “ஹார்டு டிஸ்க் போச்சு ஐயா, புதுசு போட்டுடலாம், 2,800.” அப்பா ஜிபேயில் அனுப்பிவிட்டு வாங்கி வந்துவிட்டார். பில் இல்லை, ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. டெஸ்க்டாப்பில் இருந்த கோயில் கணக்கு எங்கே என்று கேட்டதற்கு, “பழைய டிஸ்க் டெட் ஐயா, எக்ஸ்சேஞ்சுல கழிச்சாச்சு.”

கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போனபோதுதான் நான் அந்த லேப்டாப்பைத் தொட்டேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி 4 ஜிபி. நான் போட்ட ராம் காணோம். சந்தேகத்தில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பு நிலவரத்தைத் தானே குறித்துவைக்கும், ஸ்மார்ட் என்பார்கள், அதை எடுத்துக் காட்டுகிற மென்பொருள். புது டிஸ்க்காம், மஞ்சள் கட்டத்தில் ‘காஷன்’, அதாவது எச்சரிக்கை, என்று நிற்கிறது. ஓடிய நேரம் 21,847 மணி. ராப்பகலாக 910 நாள். தினம் எட்டு மணி நேரம் என்றால் ஏழரை வருஷம். ஏழரை என்றதும் அப்பா சிரித்தார், பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

பின் மூடியைக் கழற்றினேன். இரண்டு ஸ்க்ரூ குறைவு. டிஸ்க்கின் லேபிள் மேல் கடையின் ‘வாரண்டி’ ஸ்டிக்கர், சரியாகத் தயாரிப்புத் தேதி இருக்கும் இடத்தில். நகத்தால் சுரண்டினேன். 2015.

மறுநாள் கடைக்குப் போனோம். முதலாளி முதலில் “சாஃப்ட்வேர் தப்பா காட்டும் சார்” என்றார். லேபிள் தேதியும் தப்பாகக் காட்டுமா என்று கேட்டேன். “ஸ்டாக்ல மாறிப்போச்சு” என்று இறங்கி வந்தார். ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசப்போகிறேன் என்றதும் 2,000 ரூபாயை எண்ணி வைத்தார். ராம் பற்றி மட்டும் கடைசி வரை அசையவில்லை. கொடுக்கும்போது 8 ஜிபி இருந்ததற்கு என்னிடம் ஒரு போட்டோகூட இல்லையே.

எனக்குப் பணத்தைவிடப் பழைய டிஸ்க்தான் வேண்டும். எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பையன் எதுவும் பேசாமல் உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து வைத்தான். இருபது டிஸ்க்காவது இருக்கும். ஒன்றின் மேல் ஒட்டிய டேப்பில் பால்பாயிண்டில் ‘பெரியவர் - ஸ்லோ’ என்று எழுதியிருந்தது. எங்களுடையது. அதன் டி டிரைவில் வீட்டார் அத்தனை பேரின் ஆதார் நகலும், அப்பாவின் பாஸ்புக் ஸ்கேனும் இருந்தன. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் அது யாருக்காவது புது டிஸ்க்காகப் போயிருக்கும். எங்களுக்குப் போட்ட டிஸ்க்கும் அப்படி யாரோ ஒரு ‘பெரியவருடையது’தானே. அதைத் தோண்டிப் பார்க்க மனம் வரவில்லை, கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டேன். முழுக்க அழித்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை.

பழைய டிஸ்க்கை யூஎஸ்பி என்க்ளோஷர் என்கிற வெளிப்பெட்டியில் போட்டு, வேறு மெஷினில் செருகி ஸ்மார்ட் பார்த்தேன். கவனிக்க வேண்டியவை மூன்று வரிகள். 05 என்பது கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்), சி5 என்பது படிக்க முடியாமல், முடிவு தெரியாமல் நிற்பவை, சி6 என்பது சோதனையிலும் தேறாதவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இதில் சி5 மட்டும் 136. முதல் நாளே இதைப் பார்த்திருந்தால் நோய் தெரிந்திருக்கும், இரண்டு நிமிஷ வேலை. சி7 என்ற இன்னொரு வரி மட்டும் ஏறியிருந்தால் கேபிளையோ கனெக்டரையோ பாருங்கள், டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். ஓடிய மணிக்கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள், அதைப் பூஜ்யமாக்குகிற வித்தையும் உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அப்படிப் புதிது என்று விற்ற பழைய டிஸ்க்குகள் பிடிபட்டுச் செய்தியானது.

இந்த நிலையில் இருக்கிற டிஸ்க்கில் பிழை தேடித் திருத்துகிற செக்டிஸ்க் ஓட்டக் கூடாது, ஃபைல்களை ஒழுங்காக அடுக்குகிற டிஃப்ராக் கூடாது. “நைட்டு ஃபுல்லா செக்டிஸ்க் போட்டோம் சார்” என்று அந்தப் பையன் பெருமையாகச் சொன்னான். சாகக் கிடப்பவரை மலையேறச் சொன்ன மாதிரி. முதலில் உள்ளதை உள்ளபடி வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும், பிறகு நகலில்தான் தேட வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும். எங்கே விட்டது என்பதைக் குறித்துவைத்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தினாலும் அங்கிருந்தே தொடரலாம். எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது. அந்த ‘டிக்... டிக்...’ சத்தம் விடாமல் வந்தால் இந்த வித்தையும் வேண்டாம், உடனே பவரை நிறுத்திவிடுங்கள்.

டி டிரைவ் அனேகமாக முழுசாக வந்தது. சி டிரைவ் அப்படியில்லை, பழைய ஃபைல்கள் இருந்த இடத்தில் கடைக்காரர் போட்ட விண்டோஸ் ஏறி உட்கார்ந்திருந்தது. போட்டோரெக் என்ற கருவியால் நகலைச் சல்லடை போட்டேன். அது ஃபைல்களை மீட்கும், பெயர்களை மீட்காது. எண்களைப் பெயராகச் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கில் எக்செல் ஃபைல்கள். பாமினி எழுத்துரு இல்லாத என் மெஷினில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. எழுத்துருவைப் போட்டுவிட்டு அப்பாவை உட்கார வைத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து, “இது இல்ல... இதுவும் இல்ல...” என்று சாயங்காலம் வரை போனது.

லேப்டாப்பில் இப்போது ஒரு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) ஓடுகிறது, நான் நேரில் வாங்கி, சீல் பிரித்து, நானே போட்டது. இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. 2.5 இன்ச் சாட்டா டிஸ்க் இருந்த எந்தப் பழைய லேப்டாப்பிலும் அதே இடத்தில் உட்காரும்.

உங்களுக்குக் கடைக்குப் போயே ஆக வேண்டுமென்றால், கொடுக்கும் முன் ஸ்மார்ட் பக்கத்தையும் ராம் அளவையும் டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். பில் கேளுங்கள், ஜிஎஸ்டி சேர்ந்து கொஞ்சம் கூடினாலும் சரி. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் இருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. அப்பா வேண்டாம் என்றார், நானும் விட்டுவிட்டேன்.

நன்கொடைப் பட்டியல் கிடைத்துவிட்டது. அன்னதானக் கணக்கும் ஸ்தபதிக்குக் கொடுத்த தவணைகளும் வரவே இல்லை. அப்பா நீள நோட்டு ஒன்று வாங்கி, கோயில் பீரோவில் இருந்த ரசீதுக் கட்டுகளைப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். எக்செல்லில் அடித்துத் தருகிறேன் என்றேன். “நோட்டுல முடியட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார்.