மிராவின்ஸ்கியும் என் வால்யூம் குமிழும்: பதினைந்து வருட அனுபவம்

முதலில் ஒரு எச்சரிக்கை. ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியை, யெவ்கேனி மிராவின்ஸ்கி ஆர்கெஸ்ட்ராவை நடத்திய 1960 பதிவில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஸ்பீக்கரில் போடாதீர்கள். முதல் பகுதியின் நடுவில் கிளாரினெட் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டே போகும். ஸ்கோரில் (எழுதிய இசைக்குறிப்பில்) அது அடங்கி முடியும் இடத்தில், பஸூன் வாத்தியத்துக்கு, சத்தம் குறைத்து வாசி என்பதற்கான 'பி' எழுத்தை சைகோவ்ஸ்கி ஆறு தடவை எழுதியிருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லையே என்று நாம் குமிழைத் திருகுவோம். அடுத்த நொடி மொத்த ஆர்கெஸ்ட்ராவும் தலையில் இறங்கும். பதினைந்து வருடத்துக்கு முன் நான் திருகினேன். தூளியில் கிடந்த மகள் வீறிட்டு எழுந்தாள். மறுநாள் கீழ்வீட்டு மாமி, "பீரோ ஏதாவது சாஞ்சிடுச்சாப்பா?" என்று கேட்டார்.

அந்த டிஸ்க்கோடு ஆரம்பித்தது. அப்புறம் மிராவின்ஸ்கி நடத்திய மற்ற இசையமைப்பாளர்கள், ஷோஸ்டகோவிச், ப்ரூக்னர், சிபேலியஸ், பார்டோக் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் சேர்த்தேன். இப்போது பாதி ஸ்ட்ரீமிங்கில்தான். தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு நடுவில் 'வி', ஜெர்மன் வெளியீடுகளில் 'டபிள்யூ'. இரண்டையும் போட்டுத் தேடவில்லை என்றால் பாதிச் சரக்கு கண்ணில் படாது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1903-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். இளமையில் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தார், மாரின்ஸ்கி தியேட்டரில் வசனமில்லாத துணைப் பாத்திரங்களில் மேடையேறினார், பாலே பள்ளியில் பியானோ வாசித்தார். 1938-இல் சோவியத் அனைத்து யூனியன் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் போட்டியில் முதலிடம். (நடத்துநர் என்றதும் எனக்கு விசில்தான் ஞாபகம் வருகிறது. வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை இதுதான்.) அதே வருடம் லெனின்கிராட் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா அவர் கைக்கு வந்தது. 1988 ஜனவரியில் சாகும்வரை அதை விடவில்லை. ஐம்பது வருடம், ஒரே ஆர்கெஸ்ட்ரா. போர்க்காலத்தில் ஆர்கெஸ்ட்ராவே நோவோசிபிர்ஸ்க்குக்கு இடம் மாறியபோதும் அவர்தான்.

அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் சொல்வது வேகம். அது உண்மைதான். 1965-இல் மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் நேரடியாகப் பதிவான கிளிங்காவின் 'ருஸ்லான், லுத்மீலா' ஓபராவின் முன்னிசையைக் கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அத்தனை வயலின்களும் அந்த ஓட்டத்தில் ஒரு சுரம்கூட ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொள்ளாது. முதல் இரண்டு வருடம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இதைத்தான் போட்டுக்காட்டினேன், வெடி கொளுத்திக் காட்டுகிற மாதிரி.

வெடி எத்தனை தடவை கொளுத்த முடியும்? ஐந்தாறு வருடம் போனபின் நான் திரும்பத் திரும்பப் போனது சத்தத்துக்காக இல்லை, சத்தம் இல்லாத இடங்களுக்காக. ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றாக மூச்சை அடக்கிக்கொண்டு வாசிப்பது எப்படி இருக்கும் என்று இவரிடம்தான் தெரிந்துகொண்டேன். சத்தம் குறைத்து வாசிக்கும்போது மற்ற பதிவுகள் பலவற்றில் இசை தொளதொளத்துவிடும். இங்கே சத்தம் குறையக் குறைய இழுவிசை கூடும். காரணம் ஒத்திகை. எத்தனையோ வருடமாக வாசித்த சிம்பொனியையும் ஸ்கோரைப் புதிதாகத் திறந்து, பல நாள் ஒத்திகை பார்த்துத்தான் மேடையேற்றுவார். ஒத்திகைப் படங்கள் சில இணையத்தில் கிடைக்கின்றன. ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் பாருங்கள். கத்த மாட்டார். நிறுத்துவார், ஒரு வார்த்தை சொல்வார், மறுபடி. வயதான காலத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தபடி நடத்துகிறார். கை அசைவு ரொம்பக் குறைவு. எல்லாம் கண்தான்.

இன்னொரு விஷயம் ஹெட்போன் வாங்கிய பிறகுதான் பிடிபட்டது. மிராவின்ஸ்கி முதல் வயலின்களை இடது பக்கமும் இரண்டாம் வயலின்களை நேர் எதிரே வலது பக்கமும் உட்காரவைப்பார். இப்போது பல ஆர்கெஸ்ட்ராக்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இதனால் என்ன வித்தியாசம்? ஆறாவது சிம்பொனியின் கடைசிப் பகுதி தொடங்கும் அந்த அழுகை மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எந்த வயலினும் வாசிக்கவில்லை! சைகோவ்ஸ்கி ஒரு சுரத்தை முதல் வயலின்களுக்கும் அடுத்ததை இரண்டாம் வயலின்களுக்கும் என்று மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். தனியாகக் கேட்டால் இரண்டு வரிசையும் அர்த்தமில்லாத தாவல்கள். மெட்டு நம் காதுக்குள்தான் சேர்கிறது. ஸ்டீரியோவில், இந்த உட்காரும் முறையில், அது இடதுக்கும் வலதுக்குமாக ஊசலாடுவது தெரியும். கேட்பதற்கு முன் பலமுறை படித்திருந்தேன். காதில் விழுந்த அன்று பஸ்ஸில் இருந்தேன், இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

குறைகளும் நிறையவே உண்டு. சைகோவ்ஸ்கியின் கடைசி மூன்று சிம்பொனிகளை 1960-இல் டாய்ச்ச கிராமஃபோன் என்ற ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனம் பதிவு செய்தது: நான்காவது லண்டனில், மற்ற இரண்டும் வியன்னாவில். ஒலி என்று பார்த்தால் புதிதாகக் கேட்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இவைதான். ஆனால் 1961-க்குப் பிறகு அவர் ஸ்டூடியோ பக்கமே போகவில்லை. மிச்சமெல்லாம் கச்சேரியில் நேரடியாக எடுத்தவை. லெனின்கிராட் குளிர்காலத்து இருமல் அத்தனையும் அதில் இருக்கிறது. நல்ல மெதுவான இடமாகப் பார்த்துத்தான் இருமுவார்கள். டிரம்பெட்டுகள் உச்சத்தில் காதைக் கீறும். ஹார்ன் ஒலியில் ஒரு நடுக்கம், கமகம் மாதிரி. சிலருக்கு அது ஒத்துவராது. எனக்கு அது இல்லாமல் சைகோவ்ஸ்கியின் ஐந்தாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதி இப்போது சப்பென்று இருக்கிறது. ஒரே கச்சேரி இரண்டு மூன்று தேதிகளில் வெவ்வேறு அட்டையில் வரும் கூத்தும் உண்டு. நான் ஒன்றை இரண்டு முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

ஷோஸ்டகோவிச் தனி அத்தியாயம். அவருடைய ஐந்தாவது சிம்பொனியை 1937 நவம்பரில் லெனின்கிராட்டில் முதன்முதலில் மேடையேற்றியது மிராவின்ஸ்கி. அப்போது வயது 34, பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. பிறகு ஆறு, எட்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு எல்லாம் முதல் மேடை அவருடையது. 1962-இல் பதின்மூன்றாவதை மட்டும் நடத்த மறுத்துவிட்டார், அது கொண்ட்ராஷின் என்ற இன்னொரு நடத்துநர் கைக்குப் போனது. ஏன் மறுத்தார் என்று இன்றும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்கு அந்த மறுப்பு உறுத்தத்தான் செய்கிறது. ஐந்தாவதுக்கு, 1973-இல் டோக்கியோவில் வாசித்த பதிவைத் தேடுங்கள். முடிவில் அவசரமே இல்லை. வெற்றிக் கொண்டாட்டமா, யாரோ கழுத்தைப் பிடித்துச் சிரிக்கச் சொல்கிறார்களா என்று புரியாது.

எட்டாவது சிம்பொனி மிராவின்ஸ்கிக்கே சமர்ப்பணமானது. 1943-இல் முதலில் நடத்தியதும் அவர்தான். 1982-இல் லெனின்கிராட்டில் வாசித்த நேரடிப் பதிவை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே என்று ஒரு வெளியீட்டை வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். அபாரம். மூன்றாம் பகுதியில் வயோலாக்கள் இயந்திரம் மாதிரி அறுத்துக்கொண்டே போவது முதுகில் சில்லென்று ஏறும். பத்து வருடம் ஒரு சந்தேகமும் இல்லாமல் கேட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன், தூளியில் இருந்த அதே மகள், இப்போது பாட்டு கற்றுக்கொள்கிறவள், சாதகம் முடித்துச் சுருதிப்பெட்டியை அணைக்காமல் வந்து நின்றாள்.

"அப்பா, இது என்ன கட்டை?"

"சி மைனர். சி-ன்னா ஒரு கட்டைதானே."

"இல்லப்பா. ஏறியிருக்கு."

பெட்டியை ஒரு கட்டையில் வைத்துவிட்டு முதலிலிருந்து போட்டோம். செல்லோக்களும் பாஸ்களும் அந்த முதல் சுரத்தைப் பிடித்ததுமே பல் கூசியது. விசாரித்துப் பார்த்தால் இது ஊரறிந்த சங்கதி: டேப்பிலிருந்து மாற்றும்போது வேகம் கூடி, சுருதி ஏறிப்போனது. திருத்திய வெளியீடு எப்போதோ வந்துவிட்டது. நான்தான் மிராவின்ஸ்கியின் விறுவிறுப்பு என்று அதையும் சேர்த்துப் பத்து வருடம் ரசித்திருக்கிறேன்.

திருத்தியதை வாங்கினேன். மூன்றாம் பகுதி இப்போது கொஞ்சம் நிதானம், ஆனால் பாரம் கூடியிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து, கடைசியில் வயலின்கள் சி மேஜரில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி நீண்டு நிற்கும். மகள் பெட்டியைத் தட்டினாள். சேர்ந்தது. ஆனால் பெட்டியின் சத்தத்தில் வயலின் கேட்கவில்லை. பெட்டியின் குமிழைக் கடைசி வரை குறைத்துவிட்டு மறுபடி போட்டோம்.