சங்கிலியன் காலத்துக் காலாள் உடுப்பு: சில வருடங்கள் போட்டு நடந்த அனுபவம்

யாழ்ப்பாண அரசின் கடைசிக் காலத்தைப் பாடசாலைக் கண்காட்சிகளிலும் ஊர் வாசிகசாலை விழாக்களிலும் நடித்துக் காட்டுகிற சிறிய கூட்டம் எங்களுடையது. 1619 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேராவின் படை வந்து, யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலி குமாரனைப் பிடித்த சமயம்தான் எங்கள் களம். எனக்கு வாய்த்தது சாதாரணக் காலாள் வேடம். அந்த உடுப்பையும் சாமான்களையும் சில வருடங்களாக வெயிலிலும் மாரியிலும் பாவித்து வருகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு என் முதல் யோசனை, கையில் இருக்கிற காசில் பெரும்பங்கைத் துணிக்கு ஒதுக்குங்கள் என்பதுதான்.

எல்லோரும் வாளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் இந்தப் பக்கத்துக் காலாளின் உடம்பில் இருந்தது என்ன? இடுப்பில் ஒரு வேட்டி, அதன்மேல் இறுக்கிய கச்சை, தலையில் பாகை. மார்பும் காலும் வெறுமை. பார்க்கிறவர்களின் கண்ணுக்கு அகப்படுவது துணி மட்டும்தான். அது பளபளக்கும் பொலியெஸ்டராக இருந்தால், கையில் எவ்வளவு நல்ல வேல் இருந்தாலும் பிரயோசனமில்லை.

எங்களுக்கு ஆட்டம் சொல்லித் தந்த அண்ணாவியார் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, கடைசி வரிசையில இருக்கிற ஆச்சிக்கும் ஆர் ராசா, ஆர் சேவகன் எண்டு தெரியவேணும்" என்றார். கூத்து மேடைக்கு அவர் சொல்வது முற்றிலும் சரி. கண்ணாடித்துண்டும் சரிகையும் விளக்கொளியில் மின்னத்தான் வேண்டும். பகல் வெயிலில், பிள்ளைகள் கிட்ட வந்து தொட்டுப் பார்க்கிற இடத்தில் அதே உடுப்பு எடுபடாது. இரண்டும் வேறு வேறு கலைகள். கூத்து உடுப்பை இரவல் வாங்கி வரலாறு காட்டப் போகாதீர்கள்.

என்னுடைய வேட்டி கைத்தறி. வெளுக்காத நூலில், எட்டு முழம் நெய்விக்க வேண்டும் என்று சொன்னபோது நெசவுக்கார அம்மா, "கரை வேண்டாமோ தம்பி? செத்த வீட்டுத் துணி மாதிரியெல்லோ இருக்கும்" என்று மனம் வருந்தினார். கரை இல்லாமலேதான் நெய்து தந்தார். முழங்காலுக்கு மேலே தாறுபாய்ச்சிக் கட்டுவதற்கு நாலு முழம் காணாது, எட்டு முழம் வேண்டும். முதல் மாதங்களில் சாக்கு மாதிரி விறைப்பாக இருந்தது. தோய்க்கத் தோய்க்க இளகி, இப்போது வியர்வையை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. சித்திரை வெயிலில் ஒரு முழுப் பகல் நின்றாலும் தொடை உரசிப் புண்ணாவதில்லை. எங்கள் கூட்டத்தில் போர்த்துக்கேயச் சிப்பாயாக வருபவர் தடித்த மேலங்கியும் இரும்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலத்தில் நிழல் தேடுகிறார். எந்த உடுப்பு இந்த மண்ணுக்கானது என்பதை அவரைப் பார்த்தே பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

கச்சையும் பாகையும் சிவப்பு. இதில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். கடைச் சாயத்தில் தோய்த்த கச்சை வியர்வையில் கரைந்து வேட்டியெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. பிறகு சாயவேருக்குப் போனோம். இம்பூறல் என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலத்தில் வளரும் சின்னச் செடி. ஒல்லாந்தர் காலத்தில்கூட இந்த வேர் அரசுக்கு வருமானம் தந்த சரக்கு. துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்தி, படிகார நீர் ஏற்றி, அதன்பிறகு வேரோடு சேர்த்துக் காய்ச்ச வேண்டும். படிகாரம் இல்லாவிட்டால் சிவப்பு நூலில் பிடிக்காது. பொறுமை வேண்டும், வேரும் நிறைய வேண்டும். ஆனால் அந்தக் கச்சை இன்றுவரை வேட்டியில் ஒட்டவில்லை. நிறம் மட்டும் மெல்ல மெல்ல இறங்கி, பழைய ஓட்டுச் சிவப்புக்கு வந்திருக்கிறது. எனக்கு முன்னையதைவிட இப்போதைய நிறம்தான் பிடித்திருக்கிறது.

வேலின் பிடி பனஞ்சிலாகையில், அதாவது பனைமரச் சட்டத்தில் சீவியது. வைரம் பாய்ந்த மரம் என்பதால் வளையவில்லை, பூச்சி அரிக்கவில்லை. பாரம் அதிகம். அதோடு சிலாம்பு கையில் ஏறும். நன்றாக உரஞ்சி, மாதம் ஒருமுறை எண்ணெய் பூசினால் அந்தத் தொல்லை இல்லை. முனை இரும்பை மழுங்க அடிக்கச் சொல்லுங்கள். கடற்காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பாவித்த அன்றே துடைத்து எண்ணெய் போடத்தான் வேண்டும்.

வாள் மரத்தில்தான் வைத்திருக்கிறேன். வாள்வெட்டுச் செய்திகள் வந்துகொண்டிருக்கிற ஊரில் இரும்பு வாளோடு தெருவில் நிற்பது முறையல்ல. மர வாளையும் துணியில் சுற்றித்தான் கொண்டுபோகிறோம். விழா நடத்துபவர்கள் பொலிசுக்கு முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்களா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே புறப்படுவோம். அந்தக் காலத்தில், கனலும் திரியால் மருந்தைப் பற்றவைத்துச் சுடுகிற திரித் துப்பாக்கி இங்கே இருந்தது. எங்கள் கூட்டத்தில் அதைச் செய்யவில்லை. யுத்தத்தைக் கண்ட மனிதர்கள் முன்வரிசையில் இருக்கும்போது துப்பாக்கி போன்ற ஒன்றை நான் நீட்டமாட்டேன். திரி எப்படிக் கனன்றுகொண்டே இருக்கும் என்பதை மட்டும் ஒரு துண்டுத் தும்புக் கயிற்றில் காட்டுவோம். பெட்டிக்கடை வாசலில் சுருட்டுப் பற்றவைக்க முன்பு தொங்கிய அதே கயிறுதான் என்றதும் வயசானவர்கள் முகத்தில் சிரிப்பு வரும்.

சின்னச் சாமான்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உமல் என்கிற பனையோலைப் பை ஒன்று, இடுப்பில் செருகக் கொட்டைப்பெட்டி என்கிற சின்ன ஓலைப் பணப்பை ஒன்று, தண்ணீருக்குச் சுரைக்குடுவை. உமலுக்குள் ஒடியலும் (உலர்த்திய பனங்கிழங்கு) பனங்கட்டியும். எல்லாம் இன்றும் சந்தையில் கிடைக்கிறவை, விலையும் குறைவு. பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்பதும் இந்த உமலைப் பற்றித்தான். ஓலைச் சாமான்கள் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்படிப் பரணில் போட்டுவையுங்கள், புகை பட்டால் போதும்.

எனக்குத் திருப்தி இல்லாதது கேடயம் ஒன்றுதான். பைபர் கிளாசில் வார்ப்பித்தது. தூரத்தில் இருந்து பார்க்க நல்லது. வேல் பட்டால் பிளாஸ்டிக் வாளி தட்டுப்பட்ட சத்தம் வருகிறது, வெயிலில் பூச்சும் உரிகிறது. அடுத்த கேடயத்தைப் பிரம்பில் பின்னி, மேலே மாட்டுத்தோல் இழுத்துத் தைக்க ஒருவரிடம் பேசியிருக்கிறோம். தோலை மாரிக்கு முன் உலர்த்த வேண்டும் என்பதால் ஆவணிக்குள் வேலை முடிய வேண்டும்.