சாஸ்த்ரா பல்கலைக்கழகம்: ராமநாதபுரம் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு விமர்சனம்

தஞ்சாவூர் சாஸ்த்ராவில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் பக்கம் ஒவ்வொரு மே மாதமும் பேச்சு கிளம்பும். அக்கா மகளுக்காக நான் விசாரித்தேன், வளாகத்துக்கும் போய்ப் பார்த்தேன், அவள் அங்கேயே சேர்ந்து படித்தும் முடித்துவிட்டாள். அதனால் இப்போது என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள், மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கணக்கிலோ அறிவியலிலோ பிடிப்பு உள்ள, உட்கார்ந்து படிக்கச் சலிக்காத பிள்ளைக்கு இது அருமையான இடம். ஏதோ ஒரு பி.டெக். இருந்தால் போதும் என்றால், அந்தக் கட்டணத்தைக் கட்டி அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை.

வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற விஷயங்கள் சுலபமாகப் புரியும். தொடங்கியது 1984ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்க ஆரம்பித்த சமயம். வேலூர் விஐடி, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் எல்லாம் அதே வருடத்துக் கல்லூரிகள்தான். அப்போது இதன் பெயர் சண்முகா பொறியியல் கல்லூரி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சண்முகா காலேஜ் என்றுதான் சொல்வார்கள். 2001ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது. அதற்குப் பிறகு பாடத்திட்டம் போடுவது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது எல்லாமே அவர்கள் பொறுப்பு. தனியார் பணத்தில் பல்கலைக்கழகம் என்பது நமக்குப் புதிதும் இல்லை, சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் 1929லேயே அதைச் செய்து காட்டினார், அந்தப் பல்கலைக்கழகம் 2013ல் அரசின் கைக்குப் போனது. ஆனால் 84க்குப் பிறகு வந்தவற்றைக் கொடை என்று சொல்ல முடியாது, கட்டணத்தில் ஓடுபவை. ஆகவே, அந்தப் பணத்தை எதில் போடுகிறார்கள் என்று பார்த்துத்தான் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

சாஸ்த்ரா மேல் எனக்கு மரியாதை வந்ததும் அந்த இடத்தில்தான். கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. 2003ல் அதை விலைக்கு வாங்கி, பழைய அமைப்பு மாறாமல் நினைவில்லமாக வைத்திருப்பது சாஸ்த்ராதான். கும்பகோணத்தில் சீனிவாச ராமானுஜன் மையம் என்று ஒரு கிளை வளாகமும் வைத்திருக்கிறார்கள். 2003 டிசம்பரில் வந்து அந்த வீட்டை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் நம்ம ராமேஸ்வரத்துக்காரர், அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். திண்ணை வைத்த சின்ன ஓட்டு வீடு, ஜன்னலோரம் ஒரு கட்டில், அவ்வளவுதான். "இந்த வீட்லயா மாமா அவ்வளவு கணக்கும் போட்டாரு?" என்று அக்கா மகள் கேட்டாள். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டு, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையைப் பறிகொடுத்த பையன் அவர் என்பதையும் அங்கே வைத்தே அவளிடம் சொன்னேன்.

வீட்டோடு நிறுத்தவில்லை. 2005ல் இருந்து வருடாவருடம் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசு என்று 10,000 டாலர் கொடுக்கிறார்கள். ராமானுஜன் எந்தக் கணிதத்தில் வேலை செய்தாரோ அந்தத் துறைகளில் பெரிய காரியம் செய்த இளம் கணித அறிஞர்களுக்கு, உலகத்தில் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும். வயது வரம்பு 32, ஏனென்றால் ராமானுஜன் வாழ்ந்ததே 32 வருடம். பரிசு வாங்கியவர்கள் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: முதல் வருடம் மஞ்சுள் பார்கவாவும் கண்ணன் சௌந்தரராஜனும், 2006ல் டெரன்ஸ் டாவ், 2008ல் அக்ஷய் வெங்கடேஷ், 2013ல் பீட்டர் ஷோல்ஸ, 2014ல் ஜேம்ஸ் மேனார்ட், 2017ல் மரீனா வியாசோவ்ஸ்கா. இதில் பார்கவா, வெங்கடேஷ், ஷோல்ஸ, மேனார்ட், வியாசோவ்ஸ்கா ஐந்து பேருக்கும் கணிதத்தின் மிகப் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது இந்தப் பரிசுக்குப் பிறகுதான். தேர்வுக் குழு அவ்வளவு கறாராக இருக்கிறது என்று அர்த்தம். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாளை ஒட்டிக் கும்பகோணத்தில் மாநாடு நடத்தி அங்கே கொடுக்கிறார்கள். பெரிய விளம்பரப் பலகை வைக்கிற செலவில் ஒரு கல்லூரி இப்படி ஒரு காரியம் செய்தால் அது எனக்குப் பெரிய விஷயம்தான், அதைச் சத்தமாகவே சொல்வேன்.

சரி, படிப்புக்கு வருவோம். பெரிய வளாகம் திருமலைசமுத்திரத்தில், தஞ்சாவூர் திருச்சி ரோட்டில் வல்லம் பக்கம். பொறியியலில் வழக்கமான துறைகள் எல்லாம் இருக்கின்றன, அதோடு பயோடெக்னாலஜி, பயோஇன்ஃபர்மேடிக்ஸ், பயோஎன்ஜினியரிங் மாதிரி உயிரியலோடு சேர்ந்த படிப்புகளும் பலமாக இருக்கின்றன. நானோ தொழில்நுட்பத்துக்கும் பயோமெட்டீரியல்ஸ் என்கிற, மருத்துவத்துக்குப் பயன்படும் பொருட்களுக்கும் தனி ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறார்கள். சட்டம், கல்வியியல், மேலாண்மை எல்லாம் உண்டு, ஆனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. ஆய்வகத்தில் வேலை செய்ய ஆசை இருக்கிற பிள்ளைக்கு ஆசிரியர்கள் பின்னால் போய்க் கேட்டால் வழி கிடைக்கும், கேட்காமல் ஒதுங்கி இருந்தால் நான்கு வருடமும் பரீட்சை எழுதியே ஓடிவிடும். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கேட்கிற பழக்கம்தான் குறைவு, வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். வருகைப் பதிவு, விடுதி நேரம் இதிலெல்லாம் கட்டுப்பாடு அதிகம் என்று பெயர் எடுத்த இடம். சில பிள்ளைகளுக்கு அது மூச்சு முட்டும், அக்கா மகளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது பணம். இதைத்தான் நம்ம ஊரில் யாரும் சரியாக விளக்குவதில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அது தமிழ்நாடு அரசு நடத்துகிற பொறியியல் கவுன்சிலிங்குக்குள் வராது. ஆறாம் வகுப்பில் இருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகையும் அந்தக் கவுன்சிலிங் வழியாகத்தான். சாஸ்த்ராவுக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்து போக வேண்டும். காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரியோ, நம்ம புல்லங்குடி அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியோ கையில் கிடைக்கிற நிலையில் இருக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளையை, பெயருக்கு ஆசைப்பட்டுக் கடனில் தள்ள வேண்டாம் என்று கெஞ்சியே சொல்வேன்.

இன்னொன்று, கடல் வேலைக் குடும்பங்களுக்கு மட்டுமே இருக்கிற கஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வருமானம் கிடையாது, வலையும் படகும் பழுது பார்க்கிற செலவு வேறு. பிளஸ் டூ ரிசல்ட், விண்ணப்பம், சேர்க்கை, முதல் தவணை எல்லாம் அந்த நாட்களிலோ அது முடிந்த கையோடோதான் வந்து நிற்கும். மச்சான் அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்கப் போனார், நான்தான் தடுத்து வங்கிக்கு அழைத்துப் போனேன். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை, பெற்றோர் கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். நாங்கள் போன ஒரு வங்கிக் கிளையில் வீட்டுப் பத்திரம் கொண்டு வாருங்கள் என்றார்கள், விதியைக் காட்டிக் கேட்ட பிறகுதான் விண்ணப்பத்தை வாங்கினார்கள். கலாம் சென்னையில் எம்.ஐ.டி. சேர அவருடைய அக்கா ஜொஹரா நகையை அடகு வைத்த கதையை இங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். இன்றைக்கு இருக்கிற பெண் பிள்ளைக்காக யாரும் நகையை அடகு வைக்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பதுதான் என் கவலை. அதனால் மார்ச் மாதமே வங்கியில் பேசி வையுங்கள்.

சேர்க்கை இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று ஜேஇஇ மெயின் என்கிற அகில இந்திய நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சேர்த்து, இன்னொன்று பிளஸ் டூ மதிப்பெண் மட்டும். ஜேஇஇ என்றதும் நம்ம பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள், அது தமிழிலும் எழுதலாம், ஜனவரியிலும் ஏப்ரலிலும் என இரண்டு வாய்ப்பு உண்டு. எழுதி வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. விண்ணப்பம் போடும்போது திருமலைசமுத்திரமா, கும்பகோணமா என்று வளாகத்தைப் பார்த்துப் போடுங்கள், அவசரத்தில் மாற்றிப் போட்டவர்களைத் தெரியும். நேரில் பார்க்கப் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி, மீமிசல் வழியாகப் பட்டுக்கோட்டை போய் அங்கிருந்து தஞ்சாவூர் பஸ் பிடிக்கலாம். பிள்ளையையும் கூடவே அழைத்துப் போங்கள், வகுப்பு நடக்கிற வேலை நாளாகப் பார்த்து.