சத்துவாச்சாரி வாடகை வீடும் அணைக்கட்டுச் சொந்த வீடும்

2022-23 தேசியக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 5,310 ரூபாய் செலவானது, நகரத்தில் 7,630. இடைவெளி சுமார் 44 சதவீதம். இந்திய அளவில் அது 71 சதவீதம். இதை வைத்து நகரத்துக் குடும்பம் வசதியானது என்று சொல்லிவிட முடியாது.

வேலூர் நகரத்துச் சத்துவாச்சாரியில் வாடகைக்கு இருக்கும் கடை ஊழியர் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தேதியே வாடகை போய்விடும். அப்புறம் கரன்ட் பில், தண்ணீர் கேன், ஸ்கூல் ஃபீஸ். செலவுக் கணக்கு பெரிதாகத் தெரியும், தட்டு பெரிதாகாது. அதே மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் சொந்த ஓட்டு வீட்டில் இருப்பவருக்கு வாடகை கிடையாது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் பக்கத்து நிலத்திலேயே கிடைக்கும். ரேஷன் அரிசி இருவருக்கும் இலவசம்தான்.

சரி, அப்படியானால் கிராமமே மேலா? அதுவும் இல்லை. அதே கணக்கெடுப்பில், இந்திய அளவில் கிராமச் செலவில் 46 சதவீதம் உணவுக்கே போனது, நகரத்தில் 39. கையில் காசு குறையக் குறைய உணவின் பங்கு கூடும். அந்த உணவிலும் அரிசி குறையாது. பருப்பு, முட்டை, பழம்தான் முதலில் குறையும். மாடு வைத்திருக்கும் வீட்டில்கூட பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, டீக்கு மட்டும் கொஞ்சம் வைத்துக்கொள்கிறார்கள். குழந்தைக்குப் போகவேண்டிய பால் அது என்பதால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

என் பார்வையில் நகரம், கிராமம் என்ற கோட்டைவிட மாதச் சம்பளம், தினக்கூலி என்ற கோடுதான் அழுத்தமானது. குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணும், ஒடுகத்தூரில் களை எடுக்கும் பெண்ணும் வாங்குவது ஒரே மாதிரிதான்: நூறு மில்லி எண்ணெய், கால் கிலோ பருப்பு. மூட்டையாக வாங்கினால் விலை குறையும், ஆனால் மொத்தமாகப் பணம் கையில் சேர்வதில்லை. மாதச் சம்பளக்காரர் கிராமத்தில் இருந்தாலும் மாத மளிகையை ஒரே நாளில் வாங்கிவிடுவார்.

மருத்துவத்தில் இந்த வித்தியாசம் கொடுமையாகும். காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு உதவும்; துணைக்கு வந்தவரின் இழந்த கூலிக்கு உதவாது. வேலூருக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது 2021 முதல் பெரிய நிம்மதி. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அப்படித்தான். தினக்கூலி வீட்டுக்குத் தேதி தெரிந்து வரும் பணம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.